தீபாவளிக்கு மூன்று கிலோ மிக்சர்: நமத்துப் போகாமல் செய்ய என்ன வழி?

கேள்வி இதுதான். தீபாவளிக்கு வீட்டிலேயே மிக்சர் செய்து அக்கம்பக்கம், அலுவலகம், சொந்தக்காரர்கள் என்று கால் கிலோ, கால் கிலோவாகக் கொடுக்க வேண்டும். மொத்தம் மூன்று கிலோ. போன முறை செய்தது நாலாம் நாளே நமத்துவிட்டது. டப்பாவின் அடியில் எண்ணெய் தேங்கியது. ஒரு கை அள்ளினால் காரம், மறு கை அள்ளினால் சப்பென்று இருந்தது. கடை மிக்சர் மட்டும் எப்படி மாதக்கணக்கில் தாங்குகிறது?

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பெரிய தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பாமாயிலில் பொரிக்கிறார்கள். அது மலிவு, சீக்கிரம் சிக்கு வாடை வராது. அண்டா அளவு எண்ணெய் காய்வதால் மாவு விழுந்தாலும் சூடு சட்டென்று இறங்காது. பிராண்டு பாக்கெட்டுகளில் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்புகிறார்கள். இந்த மூன்றும் நம் வீட்டில் கிடையாது. ஆனால் நமக்குத் தேவை மாதக்கணக்கு இல்லையே. மூன்று வாரம் மொறுமொறுப்பாக இருந்தால் போதும், அதை வீட்டு அடுப்பிலேயே சாதிக்கலாம்.

மிக்சரில் ஏழெட்டுப் பொருட்கள் ஒரே டப்பாவுக்குள் அடைபடுகின்றன. அடைபட்டதும் ஈரம் அதிகமுள்ள பொருளிலிருந்து ஈரம் குறைந்த பொருளுக்கு மெல்ல நகரும். ஓமப்பொடியை எவ்வளவு பக்குவமாகப் பொரித்திருந்தாலும், பாதி வெந்த பூண்டும் சரியாக உலராத கறிவேப்பிலையும் கூட இருந்தால் அவற்றின் ஈரம் ஓமப்பொடிக்கு வந்து சேரும். மிக்சர் எத்தனை நாள் தாங்கும் என்பதை அதிலுள்ள மிக ஈரமான பொருள்தான் தீர்மானிக்கிறது. நான் சொல்லப் போகும் பக்குவம் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

அதனால் பரிசு மிக்சரில் உலர்திராட்சை வேண்டாம். பார்க்க உலர்ந்ததாக இருந்தாலும் அதில் 15 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. எண்ணெயில் போட்டால் பந்து போல உப்பும், ஆறியதும் பிசுபிசுக்கும். இனிப்பு ஓரமாக நாக்கில் பட வேண்டுமென்றால் மசாலாவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைப் பொடித்துச் சேர்த்தால் போதும்.

அளவு சொல்கிறேன். ஓமப்பொடிக்கு கடலை மாவு 600 கிராம், அரிசி மாவு 150 கிராம். காராபூந்திக்கு கடலை மாவு 400 கிராம், அரிசி மாவு 50 கிராம். உடைத்துப் போட ஒரு கை ரிப்பன் பக்கோடாவுக்கு இரண்டு மாவும் தலா 100 கிராம். வேர்க்கடலை 400, பொட்டுக்கடலை 200, கெட்டி அவல் 250, முந்திரி 150 கிராம். கறிவேப்பிலை இரண்டு பெரிய கைப்பிடி, பூண்டு இரண்டு முழுசு. எண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கி வையுங்கள். அதில் முக்கால் லிட்டருக்கு மேல் மிக்சருக்குள்ளேயே போய்விடும். இதெல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்கு ஒட்டி வரும். டைமண்ட் பிஸ்கட், மக்காச்சோள அவல் எல்லாம் விருப்பம். மக்காச்சோள அவல் வாங்கினால் பொரிப்பதற்கென்று விற்கும் பச்சை அவலாகப் பார்த்து வாங்குங்கள். காலை உணவுக்குப் பாலில் போடும் கார்ன் ஃப்ளேக்ஸ் ஏற்கெனவே வெந்தது, எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும்.

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பொருள் கூடக் கூடப் பெருமை கூடும்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பதம், ஒரு தனி அபாயம்.

மாவில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாக்கெட் கடலை மாவில் பட்டாணி மாவு கலந்து விற்பது உண்டு. அதில் பிழிந்தால் ஓமப்பொடி கடக்கென்று கட்டியாக இருக்கும், கடலை வாசனையும் வராது. கடலைப்பருப்பு வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் நைசாக அரைத்துக்கொள்வது சிறந்தது. மிளகாய் அரைத்த கையோடு உங்கள் பருப்பைப் போட்டுவிடாமல், வேறு யாராவது கடலைப்பருப்பு அரைத்த பிறகு கொடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் மில்லில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். எந்த மாவானாலும் சலிக்காமல் பிசையாதீர்கள்.

எண்ணெயில் என் ஓட்டு கடலை எண்ணெய்க்கு. சூரியகாந்தி எண்ணெய் பொரிக்க லேசாக இருக்கும், ஆனால் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெடும் வகைக் கொழுப்பு அதில் அதிகம். பத்து நாளில் வாடை தெரியத் தொடங்கலாம். அன்றே தின்று தீர்ப்பதற்கு எதுவும் சரி. முக்கியமாக, முன்பு அப்பளம், வடை பொரித்து மீந்த எண்ணெயை இதில் கலக்காதீர்கள். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்னும் கழிவுகள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதியே வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கருத்து, நுரை கட்டி, கையில் பிசின் போல ஒட்டினால் அந்த எண்ணெயின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொரிக்கும் வரிசைக்கும் காரணம் இருக்கிறது. எண்ணெயை அழுக்காக்காதவை முதலில், அழுக்காக்குபவை பிறகு. எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் முந்திரி, அடுத்து வேர்க்கடலை, பொட்டுக்கடலை. பிறகு தீயைக் கூட்டி அவல். அதன்பின் ஓமப்பொடி, ரிப்பன், பூந்தி. கடைசியில் கறிவேப்பிலை, பூண்டு. பூண்டை முதலில் போட்டுவிட்டால் முந்திரி வரை எல்லாவற்றிலும் பூண்டு மணக்கும்.

வேர்க்கடலையைத் தோலோடு பொரியுங்கள். அதற்கு முன் தட்டில் பரப்பி, சுருங்கியது, கருத்தது, பூஞ்சை தட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். அது வெறும் கசப்பு விஷயம் இல்லை. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், அது பொரித்தாலும் முழுதாகப் போகாது. மிதமான தீயில் கடலை மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்டு, உள்பருப்பு லேசாகப் பொன்னிறம் காட்டும்போதே எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் இன்னும் கொஞ்சம் சிவக்கும். முந்திரிக்கும் இதே கணக்கு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான். எண்ணெயில் போட்டு வாசனை வந்ததும் வெளியே. அரை நிமிடம் அசந்தால் கசந்துவிடும்.

அவலுக்குப் பெரிய கம்பி வடிகட்டி வேண்டும். கெட்டி அவலை அதில் போட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் அப்படியே முக்கினால் சில விநாடிகளில் பொரிந்து எழும்பும். உடனே தூக்கி வடிய விடுங்கள். எண்ணெய் போதிய சூடு இல்லையென்றால் அவல் பொரியாமல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடக்கும். டப்பாவின் அடியில் தேங்கியது என்றீர்களே, அதில் பெரும்பங்கு அவல் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். ஒரு அவலைப் போட்டுப் பாருங்கள். போட்ட கணமே மேலே வந்து விரிந்தால்தான் அடுத்த ஈடு. வடிந்த அவலைத் தனியாக உறிஞ்சும் தாளில் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும்.

ஓமப்பொடிக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி ஓமத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஓமம் அப்படியே மாவில் கிடந்தால் பிழியும் நாழியின் சின்னக் கண்களை அடைத்து, அழுத்துகிறவர் தோள்பட்டையைப் பதம் பார்க்கும். சலித்த மாவில் உப்பு இரண்டரை ஸ்பூன், பெருங்காயத்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள், நான்கு மேசைக்கரண்டி காய்ந்த எண்ணெய் விட்டு விரலால் பிசறி, ஓமத் தண்ணீரும் தேவையான வெறுந்தண்ணீரும் சேர்த்து, முறுக்கு மாவைவிடத் தளர்வாகப் பிசையுங்கள். எண்ணெய் அதிகமாக ஊற்றினால் பிழிந்த ஓமப்பொடி வாணலியில் கரைந்து பிரியும். சோடா மாவு வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் எண்ணெயை உறிஞ்சும். மொறுமொறுப்புக்கு அரிசி மாவே போதும். மிளகாய்த்தூளையும் மாவில் போடாதீர்கள், எண்ணெய் சீக்கிரம் கருக்கும்.

மாவைப் பிசைந்து ஊறவைக்காமல் உடனே பிழிய வேண்டும். ஒரே அடுக்காகப் பிழியுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் நடுவில் வேகாது. விழுந்ததும் குமிழி பொங்கும். அந்தக் குமிழி என்பது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதுதான். குமிழி அடங்க ஆரம்பித்ததும் திருப்பிப் போட்டு, சலசலப்பு கிட்டத்தட்ட நின்றதும் எடுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து எடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தீ அதிகமானால் மேலே சிவந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும், ஆறியதும் நமக்கும். தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் துளி மாவைப் போடுங்கள்: அடிக்குப் போய் ஓரிரு நொடியில் மேலே வந்தால் சரியான சூடு. ரிப்பனுக்கும் இதே பக்குவம், அச்சு மட்டும் வேறு.

பூந்திதான் பலருக்குத் தண்ணி காட்டுவது. மாவை தோசை மாவுப் பதத்தில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். ஒன்றரை ஸ்பூன் உப்பு இதற்குள் போகும். பூந்திக் கரண்டியை எண்ணெய்க்கு மேல் நாலு விரல்கடை உயரத்தில் பிடித்து, ஒரு கரண்டி மாவை ஊற்றி, கரண்டியின் விளிம்பை லேசாகத் தட்டுங்கள்; தேய்க்காதீர்கள். உருண்டையாக விழாமல் வால் வந்தால் மாவு கெட்டி. தட்டையாகப் பரந்தால் மாவு நீர்த்துவிட்டது. கெட்டியானதற்கு ஒரு ஸ்பூன் தண்ணீர், நீர்த்ததற்கு ஒரு ஸ்பூன் மாவு. முதல் ஈட்டை எப்போதும் சோதனை என்று எண்ணிக்கொள்ளுங்கள், சின்னதாக ஊற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் கரண்டியின் அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். காய்ந்த மாவு கண்ணை அடைத்தால் அடுத்த ஈடு வாலோடுதான் விழும். எடுத்து ஆறிய பிறகு ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் மொத்தத்தையும் மிதமான எண்ணெயில் ஒருமுறை திரும்பப் போட்டெடுக்கலாம், தப்பே இல்லை.

வால் வந்த பூந்தியைத் தூக்கி எறியாதீர்கள். மிக்சரில் யாரும் பூந்தியின் உருவத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

கறிவேப்பிலையை முந்தின நாளே அலசி, துணியில் பரப்பி, நிழலில் உலர்த்தி வையுங்கள். பொரிக்கும்போது படபடவென்ற சத்தம் முழுதாக நின்று, எடுத்தால் விரலில் நொறுங்க வேண்டும். பூண்டைத் தோலோடு ஒரே தட்டாகத் தட்டி, மிதமான தீயில் பொன்னிறம் தாண்டி நன்றாகச் சிவந்து கரகரப்பாகும் வரை விடுங்கள். அழுத்தினால் மெத்தென்று இருக்கும் ஒரு பல்கூட உள்ளே போகக் கூடாது. இந்தப் பொறுமை இல்லையென்றால் பரிசு மிக்சரில் பூண்டே வேண்டாம், பெருங்காயம் அந்த இடத்தை நிரப்பும்.

காரம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்ற குறைக்கு வருகிறேன். ஓமப்பொடி, பூந்தி, ரிப்பன் மூன்றுக்கும் மாவிலேயே உப்பு இருக்கிறது (ரிப்பனுக்கு முக்கால் ஸ்பூன்). வெறுமையாக இருப்பது கடலைகளும் அவலும் முந்திரியும்தான். ஆகவே மசாலாவை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு மேலே தூவாமல், இவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும். உப்பு மூன்று ஸ்பூன், மிளகாய்த்தூள் நான்கு ஸ்பூன், பெருங்காயத்தூள் ஒரு ஸ்பூன், சர்க்கரை இரண்டு ஸ்பூன் ஆகியவற்றை மிக்ஸியில் பவுடராக அரைத்துக்கொள்ளுங்கள். கல் உப்பு உருண்டு அடிக்குப் போகும், மாவு போல அரைத்தது ஒட்டிக்கொள்ளும். கடலையும் அவலும் எண்ணெயிலிருந்து எடுத்து வடிந்து, இன்னும் சூடாக இருக்கும்போதே முக்கால்வாசி மசாலாவைத் தூவிக் குலுக்குங்கள். சூடு ஆறிவிட்டால் தூள் பிடிக்காது. மீதியை கடைசியில் சுவை பார்த்துச் சேர்த்தால் போதும். நிறம் வேண்டுமா, மிளகாய்த்தூளில் பாதியைக் காஷ்மீரி மிளகாயாகப் போடுங்கள். கலர் பொடி வேண்டாம்.

கலக்க அகலமான அண்டா. கனமான கடலைகள் முதலில், பிறகு பூந்தி, உடைத்த ரிப்பன், மேலே ஓமப்பொடி, கறிவேப்பிலை. கரண்டியால் கிளறினால் ஓமப்பொடி தூளாகிவிடும். இரண்டு கையையும் அடியில் விட்டுத் தூக்கித் தூக்கிப் போடுங்கள். ஓமப்பொடியை விரல் நீளத்துக்கு விட்டால் தானாக உடைந்து சரியான அளவுக்கு வரும்.

ஆறவிடும் விஷயத்தில்தான் வீடுகளில் கோட்டை விடுகிறார்கள். தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். காற்று முழுக்க ஈரம். ராத்திரி பொரித்துவிட்டு, நன்றாக ஆறட்டும் என்று துணி போட்டு மூடிக் காலை வரை திறந்து வைத்தால், அந்தக் காற்றின் ஈரத்தை முழுக்க மிக்சர் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துச் சொட்டும். கை வைத்தால் சூடு தெரியாத நிலை வந்த நிமிடமே மூடிவிடுங்கள்; மெல்லிதாகப் பரப்பியிருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும். மழை கொட்டும் நாளாக இருந்தால் ஒவ்வொரு பொருளையும் ஆற ஆற எவர்சில்வர் டப்பாவில் தனித்தனியாக அடைத்து, மறுநாள் ஒரே மூச்சில் கலந்து பாக் செய்யலாம். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வது உடம்புக்கும் நல்லது.

பாக்கிங்குக்கு மெல்லிய பாலித்தீன் பை உதவாது. உள்பக்கம் அலுமினியப் பூச்சு உள்ள ஜிப் பவுச்சுகள் கால் கிலோ அளவில் கிடைக்கின்றன. அவை காற்றையும் வெளிச்சத்தையும் இரண்டையும் தடுக்கும். கண்ணாடி பாட்டில் கொடுக்க அழகுதான், ஆனால் வெளிச்சம் படப் பட எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதால் அலமாரிக்குள் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். எதுவானாலும் கழுத்து வரை நிரப்புங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். லட்டையும் மிக்சரையும் ஒரே பெட்டியில் அடுக்காதீர்கள். லட்டின் ஈரம் மிக்சருக்கும், மிக்சரின் பெருங்காய வாசம் லட்டுக்கும் போய், இரண்டும் கெடும்.

ஒரு சின்ன சீட்டில் செய்த தேதியும் சேர்மானமும் எழுதி ஒட்டுங்கள். வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் இப்போது எந்த அலுவலகத்திலும் இருக்கிறார்கள். இன்னொன்று, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு உண்டு. கோதுமை ஆகாதவருக்குக் கொடுப்பதாக இருந்தால் பெருங்காய டப்பாவின் லேபிளைப் படித்துவிடுங்கள்.

வீட்டில் விருந்து என்றால் கணக்கே வேறு. அன்றே தீர்ந்துவிடப் போவதால் திராட்சை, பூண்டு எல்லாம் தாராளமாகப் போடலாம். ஆளுக்கு 50 கிராம் வைத்தால் இருபது பேருக்கு ஒரு கிலோ. பெரிய பாத்திரத்தில் வைத்தால் ஆளாளுக்குக் கைவிட்டு அரை மணி நேரத்தில் நமத்துவிடும், சின்னக் காகிதக் கப்புகளில் பிரித்து வையுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு கலந்து கொடுப்பதாக இருந்தால் கையில் கொடுக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் நமத்தால் பயப்பட வேண்டாம். இரும்பு வாணலியில் எண்ணெய் இல்லாமல் சிம்மில் வைத்துச் சில நிமிடம் புரட்டினாலோ, ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்தாலோ ஈரம் போய்விடும். ஆறவிட்டு மறுபடி அடைக்கலாம். உப்பு கூடிவிட்டால் உப்பில்லாமல் பொரித்த அவலைக் கூடுதலாகச் சேர்த்தால் சமனாகும். ஆனால் சிக்கு வாடை வந்த மிக்சரை எந்த வித்தையாலும் மீட்க முடியாது, கொட்டிவிடுங்கள்.

மீந்த எண்ணெய் ஆறியதும் துணியில் வடிகட்டி, தாளிப்புக்கு வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள். சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். அப்புறம், சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அடுத்த வருடம் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கத் தொடங்கினால், வீட்டில் செய்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. தீபாவளி நெருங்கும் நேரத்தில் அலையாமல் முன்கூட்டியே ஆன்லைனில் விண்ணப்பித்துவிடலாம்.